டீச், லேர்ன்: ஆயா பேசும் ஆங்கிலத்தின் வயது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார். ‘என் ஆயா எனக்கு ரொட்டி சுடக் கற்றுக்கொடுத்தார்’ (ஆயா என்றால் நம் வீடுகளில் பாட்டி) என்ற தமிழ் வாக்கியத்தைக் கொடுத்து, இதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்றாராம். ஒரு சிறுமி ‘மை ஆயா லேர்ன்ட் மீ டு மேக் ரொட்டி’ என்று எழுதியிருக்கிறாள். இவர் ‘லேர்ன்ட்’ என்பதை அடித்துவிட்டு ‘டாட்’ (டீச் என்பதன் இறந்தகாலம்) என்று திருத்த, அந்தப் பெண் ‘எங்க ஆயா அப்படித்தான் சொல்வாங்க, ஆயா தப்பா பேசுறாங்களா?’ என்று கேட்டுவிட்டாள். டீச், லேர்ன் இரண்டுக்கும் பொருளில் என்ன வேறுபாடு, இரண்டும் எங்கிருந்து வந்தன, ‘லேர்ன்ட்’ என்பதை டி (t) போட்டு எழுதுவதா ஈடி (ed) போட்டு எழுதுவதா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார்.

முதலில் அந்தச் சிறுமிக்குப் பதில். ஆயா சொல்வது இன்றைய பள்ளி ஆங்கிலம் கிடையாது, ஆனால் அது பழைய, நல்ல ஆங்கிலம். பரீட்சையில் ‘டாட்’ என்று எழுத வேண்டும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் ‘ஆயா தப்பு’ என்று ஒரு குழந்தை மனதில் பதிந்துபோக விடக்கூடாது, ஏனென்றால் அது உண்மையில்லை. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பொருள் வேறுபாடு எளிது. அறிவு யாரிடமிருந்து போகிறதோ அவர் செய்வது டீச், யாரிடம் வந்து சேர்கிறதோ அவர் செய்வது லேர்ன். தமிழில் கற்றுக்கொடு, கற்றுக்கொள். இதை எல்லாரும் அறிவார்கள். நான் சொல்ல விரும்புவது இதற்கு அடுத்த படி. டீச் என்பது செய்யும் வேலையைச் சொல்கிறது, லேர்ன் என்பது கிடைத்த பலனைச் சொல்கிறது. ‘ஆண்டு முழுக்க டீச் பண்ணினேன், ஆனால் அவன் எதையுமே லேர்ன் பண்ணவில்லை’ என்று ஒரு ஆசிரியர் புலம்பலாம், அதில் முரண்பாடு இல்லை. ‘லேர்ன் பண்ணினான், ஆனால் அவனுக்குத் தெரியாது’ என்று சொன்னால் கேட்பவர் குழம்பிவிடுவார்.

டீச் என்ற சொல்லுக்குள்ளேயே இன்னொரு நுணுக்கம் உண்டு. ‘ஐ டாட் ஹிம் டு ஸ்விம்’ என்றால் அவன் இப்போது நீந்துவான் என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். ‘ஐ டாட் ஹிம் ஸ்விம்மிங்’ என்றால் வகுப்பு எடுத்தேன் என்பது மட்டுமே உறுதி, பையன் இன்னும் தண்ணீரைப் பார்த்தால் பயப்படுகிறவனாகவும் இருக்கலாம். அதே மாதிரி ‘ஐ டாட் த சில்ட்ரன் டமில்’ என்று பிள்ளைகளை வினைக்கு அருகில் வைத்தால் பிள்ளைகளுக்கு ஓரளவு தமிழ் வந்துவிட்டது என்ற தொனி சற்று கூடுதலாகக் கேட்கும். ‘ஐ டாட் டமில் டு த சில்ட்ரன்’ என்றால் அந்த உறுதி கொஞ்சம் தளர்கிறது. இலக்கணப் புத்தகத்தில் இரண்டும் ஒன்றுதான் என்று போட்டிருப்பார்கள், காதுக்கு ஒன்றில்லை.

லேர்ன் என்பதற்கு ‘செய்தி தெரியவந்தது’ என்றும் பொருள் உண்டு. யாரோ ஊரை விட்டுப் போனதை நேற்றுதான் கேள்விப்பட்டேன் என்பதற்கு லேர்ன் போதும், அங்கே படிப்பும் இல்லை வாத்தியாரும் இல்லை. அப்புறம் நம் டர்பன் பிள்ளைகள் ‘ஐ எம் லேர்னிங் ஃபார் மை எக்ஸாம்’ என்பார்களே, லண்டனில் அந்த இடத்தில் ‘ஸ்டடியிங்’ அல்லது ‘ரிவைசிங்’ என்பார்கள். இந்த லேர்னிங் எங்கிருந்து வந்தது என்பதற்குக் கீழே வருகிறேன்.

இனி பிறப்பு. லேர்ன் என்பதன் பழைய ஆங்கில வடிவம் ‘லியோர்னியன்’. அறிவு பெறுதல், பயிலுதல் என்பதோடு வாசித்தல் என்ற பொருளும் அதற்கு இருந்தது. நாம் ‘பேப்பர் படித்தேன்’ என்பதற்கும் ‘பத்தாவது படித்தேன்’ என்பதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோமே, அப்படித்தான். ஆனால் அதற்கும் முன்னால் போனால், ஆங்கிலத்துக்கும் சமஸ்கிருதத்துக்கும் பொதுத் தாயான இந்தோ ஐரோப்பிய மொழியின் வேரில், இந்தச் சொல்லின் அடியில் கிடப்பது புத்தகமும் இல்லை பள்ளியும் இல்லை. தடம். கால் பதிந்த தடம், ஏர் ஓடிய சால். லேர்ன் பண்ணுவது என்றால் ஒருவர் போன தடத்தைப் பிடித்துப் பின்னாலேயே போவது. முன் ஏர் போன வழியே பின் ஏர் என்று நம் ஊரில் சொல்வதைத்தான் அந்தச் சொல் தன் வயிற்றுக்குள் வைத்திருக்கிறது.

இது கற்பனை இல்லை, உறவுச் சொற்களைப் பார்த்தால் தெரியும். செருப்பு செய்கிறவர் பாதத்தின் வடிவில் ஒரு மர அச்சு வைத்திருப்பாரே, அதற்கு ஆங்கிலத்தில் ‘லாஸ்ட்’ என்று பெயர். பழைய ஆங்கிலத்தில் அதற்குக் காலடித் தடம் என்றுதான் பொருள். நீடித்திருப்பது என்ற பொருளில் வரும் ‘லாஸ்ட்’ என்ற வினையும் இதே குடும்பம்தான், முதலில் ‘தடத்தை விடாமல் பின்தொடர்’ என்று இருந்தது, பிறகு ‘விடாமல் செய்து முடி’ என்றானது, கடைசியில் ‘நீடித்து நில்’ என்று வந்து நின்றது. (இறுதி என்று பொருள்படும் லாஸ்ட் வேறு சொல், ‘லேட்’ என்பதன் பிள்ளை அது, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஜெர்மன் மொழியில் ரயில் தண்டவாளத்துக்கு ‘க்ளைஸ்’ என்று பெயர், அதுவும் இந்த வீட்டுப் பிள்ளை. லத்தீனில் உழவுசாலுக்கு ‘லீரா’ என்பார்கள். ஏர் சாலை விட்டு விலகிப் போவதைக் குறித்த சொல்தான் புத்தி பிசகுவதற்கும் ஆகிவந்தது. காய்ச்சல் முற்றிப் பிதற்றும்போது டாக்டர் சொல்கிறாரே ‘டெலீரியம்’, அது சால் தவறிய ஏர்தான். ஒரே வேரில் ஒரு பக்கம் கல்வி, மறுபக்கம் பிதற்றல். தடத்தில் போனால் முதலாவது, தடம் தப்பினால் இரண்டாவது.

எனக்கு மிகவும் பிடித்தது காத்திக் மொழிச் சான்று. 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற பிஷப் பைபிளைக் காத்திக்கில் மொழிபெயர்த்தார், ஜெர்மானிய மொழிகளில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பெரிய நூல் அதுதான். அதில் ‘லைஸ்’ என்று ஒரு சொல் வருகிறது, ‘எனக்குத் தெரியும்’ என்று பொருள். வேரைப் பிடித்துச் சொன்னால் ‘நான் தடத்தைத் தொடர்ந்து போயிருக்கிறேன்’. போய்ப் பார்த்தவனுக்குத்தான் தெரியும் என்பதை ஒரே சொல்லில் வைத்துவிட்டார்கள். அந்த ‘ஸ்’ ஒலி ஆங்கிலத்தில் ‘ர்’ ஆனது, ‘வாஸ்’ என்பதன் பன்மை ‘வேர்’ என்று நிற்பதும் இதே ஒலிமாற்றம்தான்.

இப்போது ஆயாவின் கதைக்கு வருகிறேன். அந்த வேரிலிருந்து பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் வந்தன. லியோர்னியன் என்றால் கற்றுக்கொள். ‘லேரன்’ என்றால் கற்பி. தமிழில் கல் என்பதிலிருந்து கற்பி வந்ததைப் போலவே, தானே செய்வது ஒன்று, பிறரைச் செய்ய வைப்பது மற்றொன்று. ஒருவரைத் தடத்தில் நடக்க வைப்பதுதான் லேரன். காத்திக்கில் ‘லைஸ்யன்’, ஜெர்மனில் இன்றும் ‘லேஹ்ரென்’ என்றால் கற்பி, ‘லெர்னென்’ என்றால் கற்றுக்கொள். இதே குடும்பத்தின் பெயர்ச்சொல்தான் ‘லார்’, இன்றைய ‘லோர்’. 1846இல் வில்லியம் தாம்ஸ் என்பவர் ‘ஃபோக்லோர்’ என்ற சொல்லைப் புதிதாகக் கோர்த்தபோது, நாட்டார் வழி வந்த அறிவு என்பதற்கு இந்தப் பழைய சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார்.

அப்போ டீச் என்ன செய்துகொண்டிருந்தது? அதுவும் இருந்தது, ‘டேச்சன்’ என்ற வடிவில், ஆனால் முக்கியப் பொருள் ‘காட்டு, சுட்டு’. வழியைக் காட்டு, விரலால் சுட்டு, இன்னது செய் என்று பணி. கற்பித்தலுக்கான வழக்கமான சொல் லேரன்தான், டேச்சன் மெல்ல மெல்ல அந்த இடத்துக்கு வந்துகொண்டிருந்தது.

இந்த இரண்டும் ஒரே வாக்கியத்தில் அருகருகே நிற்பதை ஒரு பழைய பாடப்புத்தகத்தில் பார்க்கலாம். 1000ஆம் ஆண்டு வாக்கில் ஆல்ஃப்ரிக் என்ற துறவி பள்ளிப் பிள்ளைகள் லத்தீன் பேசப் பழகுவதற்காக ஓர் உரையாடல் எழுதினார், அதன் வரிகளுக்கு மேல் பழைய ஆங்கிலத்திலும் பொருள் எழுதிவைத்திருக்கிறார்கள். தொடக்கமே பிள்ளைகளின் வேண்டுகோள்தான். ‘ஆசிரியரே, நாங்கள் கற்பிக்கப்படாதவர்கள், பிழையாகப் பேசுகிறோம், எங்களுக்குச் சரியாகப் பேசக் கற்றுக்கொடுங்கள்’ என்கிறார்கள். ‘கற்றுக்கொடுங்கள்’ என்ற இடத்தில் டேச்சன் வருகிறது. ‘கற்பிக்கப்படாதவர்கள்’ என்ற இடத்தில் லேரன் வருகிறது. ஆசிரியரை அழைக்கும் சொல் ‘லாரேயோவ்’, லார் என்பதோடு பணியாளர் என்ற சொல் சேர்ந்தது, கல்விக்குத் தொண்டு செய்பவர் என்று பிரிக்கலாம். அப்படி ஒரு பெயரை ஆங்கிலம் தொலைத்துவிட்டதே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பிறகு என்ன ஆனது என்றால், சொற்களின் கடைசி அசைகள் தேய ஆரம்பித்தன, லேரனும் லியோர்னியனும் ஒலியில் நெருங்கிவந்தன, ஒன்றின் வேலையை மற்றொன்று எடுத்துக்கொண்டது. 1200 வாக்கிலிருந்தே லேர்ன் என்பது ‘கற்பி’ என்ற பொருளிலும் எழுத்தில் வருகிறது. லேரன் மெல்ல மறைந்தது, அதன் சொத்து லேர்னுக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலக் கவிஞர் சாஸர் ஆக்ஸ்ஃபோர்டு மாணவன் ஒருவனை வருணிக்கும்போது, அவன் மகிழ்ந்து கற்பான், மகிழ்ந்து கற்பிப்பான் என்று ஒரே வரியில் லேர்னையும் டீச்சையும் இன்றைய பொருளிலேயே வைத்திருக்கிறார். ஆனாலும் லேர்ன் தன் இரண்டாவது பொருளை விடவில்லை.

உங்கள் வீட்டில் பழைய ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம் இருந்தால் 25ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். உமது சத்தியத்திலே என்னை நடத்தி எனக்குப் போதியும் என்ற இடத்தில் ‘லேர்ன் மீ’ என்றுதான் இருக்கும். மைல்ஸ் கவர்டேல் 16ஆம் நூற்றாண்டில் செய்த மொழிபெயர்ப்பு அது, 1662ஆம் ஆண்டு ஜெபப் புத்தகம் அதை அப்படியே வைத்துக்கொண்டது. 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில் அதே இடத்தில் ‘டீச் மீ’. ஆக ஒரே சங்கீதம், ஒரே நாடு, ஒரே திருச்சபை, கோயிலில் பாடும்போது லேர்ன், பைபிளில் வாசிக்கும்போது டீச். கடவுளைப் பார்த்து ‘லேர்ன் மீ’ என்று பாடியவர்களைப் படிக்காதவர்கள் என்று யாரும் சொன்னதில்லை.

அதே 1611இல் அரசவையில் நடிக்கப்பட்ட ஷேக்ஸ்பியரின் ‘டெம்பெஸ்ட்’ நாடகத்தில் காலிபன் பேசும் இடம் ஒன்று உண்டு. தீவை வந்து பிடித்துக்கொண்டவர்கள் அவனுக்குத் தங்கள் மொழியைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் எனக்கு மொழி கற்றுக்கொடுத்தீர்கள், அதனால் நான் கண்ட லாபம் எனக்குச் சபிக்கத் தெரிந்ததுதான் என்கிறான், அங்கே ‘டாட்’. உடனே அடுத்த மூச்சில், உங்கள் மொழியை எனக்குக் கற்றுக்கொடுத்ததற்காகக் கொள்ளைநோய் உங்களைக் கொண்டுபோகட்டும் என்கிறான், அங்கே ‘லேர்னிங் மீ’. இரண்டு வரிக்குள் இரண்டு வினையும் ஒரே பொருளில். அடிமைப்பட்டவன் பேச்சு என்பதற்காகக் கொச்சையாக எழுதினார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், காலிபனின் பேச்சு அந்த நாடகத்தின் மிக அழகான கவிதைகளில் சேர்ந்தது. நம் முன்னோர் 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து டர்பன் கரைக்கு வந்து, கரும்புத் தோட்டங்களில் முதலாளியின் மொழியைக் காதால் பிடித்து, மூன்று நான்கு தலைமுறைக்குள் வீட்டு மொழியாகவே அதை ஆக்கிக்கொண்டதை நினைத்தால், இந்த வரிகளை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடிவதில்லை.

அப்புறம் எப்போது இது ‘தப்பு’ ஆனது? 1755இல் வந்த தன் அகராதியில் சாமுவேல் ஜான்சன், லேர்ன் என்பதற்குக் கற்பித்தல் என்ற பொருளையும் கொடுத்துவிட்டு, இந்தப் பொருள் இப்போது வழக்கில் இல்லை என்று எழுதினார். பல ஐரோப்பிய மொழிகளில் ஒரே சொல் இரண்டையும் குறிக்கிறது என்பதையும் அங்கேயே குறித்திருக்கிறார். ஆனால் வழக்கில் இல்லாமல் போனது படித்தவர்கள் எழுத்தில்தான். இங்கிலாந்தின் கிராமத்துப் பேச்சிலும் அமெரிக்கப் பேச்சிலும் அது தொடர்ந்து உயிரோடுதான் இருந்தது. பிறகு வந்த இலக்கணக்காரர்கள் அதை ‘பாமரர் பேச்சு’ என்று ஒதுக்கினார்கள். இலக்கணப்படி நடந்த தீர்ப்பு இல்லை அது, யார் பேசுகிறார்கள் என்று பார்த்துச் சொன்ன தீர்ப்பு என்பது என் கருத்து.

நம் நாட்டில் அது நிலைக்க இன்னும் வலுவான காரணங்கள் உண்டு. ஆஃப்ரிகான்ஸ் மொழியில் ‘லீர்’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் வரும். ‘எக் லீர் ஸூலு’ என்றால் நான் ஸூலு கற்கிறேன். ‘எக் லீர் ஹோம் ஸ்வெம்’ என்றால் நான் அவனுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்கிறேன். டச்சு மொழியிலிருந்து வந்த வழக்கம் இது. பரீட்சைக்குப் படிப்பதற்கும் அங்கே லீர்தான், நம் பிள்ளைகளின் ‘லேர்னிங் ஃபார் எக்ஸாம்’ அந்தப் பக்கத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. (ஏணிக்கும் தோலுக்கும்கூட ஆஃப்ரிகான்ஸில் லீர் என்றுதான் பெயர், அவை வேறு வேர்கள்.) பிரெஞ்சிலும் ‘அப்ராந்த்ர்’ என்ற ஒரே வினை இரண்டு வேலையும் செய்கிறது.

ஸூலு மொழியில் ‘ஃபுண்டா’ என்றால் கற்றுக்கொள், வாசி. ‘ஃபுண்டிஸா’ என்றால் கற்பி. ‘ம்ஃபுண்டி’ மாணவர், ‘ம்ஃபுண்டிஸி’ என்றால் போதிக்கும் பாதிரியார். ஓர் ‘இஸ்’ சேர்த்தால் கற்றல் கற்பித்தல் ஆகிவிடும். நம் கல், கற்பி அதேதான். பேச்சில் இன்னும் அழகு, கற்றுக்கொள், கற்றுக்கொடு, வேர் மாறவே மாறாது, கொள்வதா கொடுப்பதா என்பதுதான் மாறும். ஆக டர்பனில் ஒரு ஆயாவைச் சுற்றி இருந்த மொழிகளைப் பாருங்கள். வீட்டில் தமிழ், தோட்டத்திலும் தெருவிலும் ஸூலு, அரசாங்கத்தில் ஆஃப்ரிகான்ஸ். மூன்றிலும் கற்றலும் கற்பித்தலும் ஒரே வேர். ஆங்கிலம் ஒன்றுதான் இரண்டு அந்நியச் சொற்களை எடுத்து நீட்டுகிறது. அந்த ஆங்கிலத்திலும் பழைய வழக்கு ஒரே வேராகத்தான் இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்தவர் வாயில் ‘லேர்ன்ட் மீ’ என்று வருவதுதான் இயல்பு.

இனி டீச்சின் வேர். இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி, ஏனென்றால் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது ஏற்கெனவே தெரிந்த வேர். இந்தோ ஐரோப்பியத்தில் சுட்டிக்காட்டு என்று பொருள்படும் ஒரு வேரிலிருந்து சமஸ்கிருதத்தில் ‘திஶ்’ வந்தது, ஆங்கிலத்தில் டீச் வந்தது. அந்தத் திஶ் நம்மிடம் எவ்வளவு கொடுத்திருக்கிறது பாருங்கள். விரல் நீட்டிக் காட்டும் பக்கம் திசை. சுட்டிச் சொல்லும் இடம் தேசம். அருகில் வைத்துக் காட்டுவது உபதேசம். இவ்வளவு இருக்கும் என்று குறிவைப்பது உத்தேசம். வழி காட்டும் குரு தேசிகர். கந்த சஷ்டிக்கு முருகன் கோயிலில் பிரணவ உபதேசக் கதையைச் சொல்லும்போது, உபதேசமும் டீச்சும் ஒரே கொடியில் பூத்தவை என்று பிள்ளைகளிடம் தாராளமாகச் சொல்லலாம்.

திஶ் எப்படி டீச் ஆனது என்று கேட்பார்கள். சமஸ்கிருதத்தில் த என்று நிற்கும் மெல்லிய ஒலி ஆங்கிலத்தில் ட என்று வல்லொலியாக வருவது ஒழுங்கான மாற்றம். தசம் என்பது டென், தந்தம் என்பது டூத், த்வி என்பது டூ. அதே வரிசையில் திஶ் என்பது டீச். லத்தீனில் சொல்லுதல் என்ற பொருளில் ‘டிக்’ என்று நிற்கிறது, டிக்டேஷன், டிக்‌ஷனரி எல்லாம் அங்கிருந்து. ஜெர்மானியப் பக்கத்தில் அடையாளம் என்ற பொருளில் ஒரு பிள்ளை பிறந்தது, பழைய ஆங்கிலத்தில் ‘டாகென்’, இன்றைய ஆங்கிலத்தில் டோக்கன். கிளினிக்கில் வரிசைக்கு எண் போட்டுக் கொடுக்கிறார்களே, அந்த டோக்கன்தான். ஆஃப்ரிகான்ஸில் அது ‘டீக்கன்’, குறி என்றும் கையெழுத்திடு என்றும் வரைந்துகாட்டு என்றும் பொருள். பலகையில் கோடு போட்டு இதைப் பார் என்று காட்டுகிற ஆசிரியர் செய்வது வேரின்படி மிகச் சரியான டீச்.

வேரை வைத்துப் பார்த்தால் இரண்டு சொல்லுக்கும் இருக்கும் வேறுபாடு இதுதான்: டீச் என்பது நின்ற இடத்தில் நின்று விரலால் காட்டுவது, லேர்ன் என்பது நடந்து பின்தொடர்வது. ஆயா ரொட்டி சுடக் காட்டியது எப்படி என்று யோசியுங்கள். மாவு இப்படி, தண்ணீர் இப்படி என்று சுட்டிச் சொன்னது கொஞ்சம்தான் இருந்திருக்கும். பக்கத்தில் உட்காரவைத்து, தன் கை போகும் வழியே குழந்தையின் கையையும் போகவைத்துப் பழக்கியிருப்பார். அது பழைய லேரன், தடத்தில் நடக்க வைப்பது. அந்தச் சிறுமியின் வாக்கியம் அந்த வேலைக்குப் பொருத்தமான வேரைத்தான் பிடித்திருக்கிறது.

நோட்டில் என்ன செய்வது என்றால், ‘லேர்ன்ட்’ என்பதை அடிக்காமல் அடியில் கோடு போட்டு, பள்ளிக்கு எழுதும்போது ‘டாட்’ என்று பக்கத்தில் எழுதுங்கள். வீட்டுப் பேச்சு ஒன்று, பள்ளி எழுத்து ஒன்று என்பது தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புதிதில்லை, ‘வந்தாங்க’ என்று பேசி ‘வந்தார்கள்’ என்று எழுதும் மொழி நம்முடையது. பெரிய பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லலாம். 1996ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம் பிள்ளைகளைப் ‘ப்யூப்பில்’ என்று சொல்லாமல் ‘லேர்னர்’ என்கிறது, ஆசிரியரை ‘எஜுகேட்டர்’ என்கிறது. அந்தச் சட்டத்துக்குப் பிறகு பள்ளி அறிக்கையில் எங்கும் லேர்னர்தான். கார் ஓட்டப் பழகுபவர் வாங்கும் உரிமத்தையும் நாம் சுருக்கமாக ‘மை லேர்னர்ஸ்’ என்கிறோம். வேறு நாட்டு ஆங்கிலத்தைவிட நம் ஆங்கிலத்தில் இந்தச் சொல் அதிகம் நடமாடுகிறது, பிள்ளைகள் அதை எல்லா இடத்திலும் நீட்டிப் பார்ப்பதில் ஆச்சரியம் இல்லை.

கடைசிக் கேள்வி, எழுத்து. இறந்தகாலத்துக்கு டி போட்டு ‘லேர்ன்ட்’ என்று முடிப்பதும் ஈடி போட்டு முடிப்பதும் இரண்டும் சரி. பிரிட்டிஷ் வழியில் எழுதும் நம் பள்ளிகளில் டி அதிகம், அமெரிக்கர்கள் ஈடி. ஒரு கட்டுரைக்குள் ஒன்றையே பிடித்துக்கொண்டால் போதும். டீச்சுக்கு ‘டாட்’ மட்டும்தான், ‘டீச்ட்’ கிடையாது. திங்க், தாட் மாதிரியும் சீக், சாட் மாதிரியும் உள்ளே உயிரெழுத்து மாறும் பழைய வகை அது, நடுவில் ஒலிக்காமல் நிற்கும் ஜிஎச் ஒரு காலத்தில் தொண்டையில் உண்மையாகவே ஒலித்த எழுத்து.

ஆனால் ஒரே ஓர் இடத்தில் ஈடிதான் போடவேண்டும், உச்சரிப்பும் மாறும். கல்விமான் என்ற பொருளில் வரும் பெயரடை, ‘லேர்னிட்’ என்று இரண்டு அசையாகச் சொல்வது. டர்பன் உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞர் எதிர்த்தரப்பு வழக்கறிஞரை ‘மை லேர்னிட் ஃப்ரெண்ட்’ என்று அழைக்கிறாரே, அந்தச் சொல். அது கற்றுக்கொண்டவர் என்பதிலிருந்து வந்ததில்லை. லேர்ன் என்றால் கற்பி என்று இருந்த காலத்தில் உருவாகி, ‘கற்பிக்கப்பட்டவர்’ என்ற பொருளில் நின்றுபோன சொல். ஆயாவின் லேர்ன்தான் அது, கறுப்பு அங்கி போட்டு நீதிமன்றத்தில் தினமும் மரியாதையாக நடமாடிக்கொண்டிருக்கிறது. எழுதும்போது ஈடி, சொல்லும்போது இரண்டு அசை, இதைப் பிள்ளைகளிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லவையுங்கள்.